றோமன் அக்கா கேட்காத கேள்விகள்

எங்கள் ஒழுங்கையில், அந்தக் குறுகிய தெருவில், என்னுடைய பெயரில் இரண்டு பேர் இருந்தோம். முதலில் வந்தவள் நான். கலியாணம் முடித்து மட்டக்களப்பின் புளியந்தீவுக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பெயர் எனக்கு மட்டும்தான் சொந்தமாக இருந்தது. தபால்காரர் கேட்டாலும் மீன்காரர் கேட்டாலும் சனம் எங்கள் படலையைத்தான் கைகாட்டும். பிறகு பக்கத்து வளவுக்கு இரண்டாமவர் குடிவந்தார். போர்த்துக்கீச வழிவந்த பறங்கிக் குடும்பம், றோமன் கத்தோலிக்கர். கணவர் தச்சுவேலை செய்தவர், வந்த சில வருடங்களில் இறந்துபோனார். அந்த அக்காவுக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட. பெயர் மட்டும் எழுத்துக்கு எழுத்து என்னுடையது.

நாங்கள் மெதடிஸ்த சபை. ஆகவே சனம் இலகுவாகப் பிரித்துக்கொண்டது. அவர் றோமன் அக்கா. நியாயப்படி நான் மெதடிஸ் அக்காவாக ஆகியிருக்க வேண்டும். அவ்வளவு நீளத்துக்கு யார் வாயைத் திறப்பது? "றோமன் அக்காவா, மற்ற அக்காவா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். நேற்று வந்தவருக்கு ஒரு பேர் கிடைத்தது. முதலிலேயே இருந்த நான் 'மற்ற அக்கா' ஆனேன். இதை நான் மறந்துவிட்டேன் என்று யாராவது நினைத்தால் அது அவர்களுடைய பிழை.

றோமன் என்ற சொல் உலகத்தில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ வேலை செய்கிறது. மகளின் வரலாற்றுப் புத்தகத்தில் அது உரோமர் என்று கவசம் போட்டு ஈட்டி பிடித்துக்கொண்டு நின்றது. கணிதப் புத்தகத்தில் குச்சி குச்சியாக எண்களாகி நின்றது. நான் மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் தமிழ்த் தட்டெழுத்து வேலை பார்த்தவள். "இந்தப் பேர்களை றோமன் எழுத்தில அடிங்க" என்று பெரியவர் தாளை நீட்டினால் அங்கே அது எனக்கு எழுத்து. ஞாயிற்றுக்கிழமை எந்தக் கோயில் என்று யாராவது கேட்டால் பாதிச் சனத்துக்கு அது பதில். எங்கள் ஒழுங்கையில் மட்டும் அது ஒரு பொம்பிளை. குசினிக்குப் பின்னால், ஆற்றுப் பக்கமாகப் பலகைக்கட்டை போட்டு உட்கார்ந்து, நண்டு உடைத்த ஈரக் கையைச் சட்டையில் துடைக்கிற பொம்பிளை.

அந்தச் சொல் அவரோடு நின்றதா? இல்லை. அவர் வீட்டுச் சுவர் மணிக்கூடு கணவரின் பாட்டன் காலத்துச் சாமான், முகத்தில் றோமன் எண்கள், எப்போதும் இருபது நிமிடம் பிந்தித்தான் ஓடும். அவர் அதைத் திருத்த மினக்கெடவே இல்லை. ஆகவே பிந்தி வருவதற்கு எங்கள் ஒழுங்கையில் 'றோமன் நேரம்' என்று பெயர். மிளகு தூக்கலாகப் போட்டு முருங்கையிலையோடு இறக்குகிற கறி 'றோமன் நண்டு'. மதிலில் படுத்துக் கிடக்கும் ஒற்றைக்கண் பூனைகூட றோமன் பூனை. இத்தனை வருடத்தில் என் பெயரைச் சொல்லி இங்கே ஒரு குப்பைவாளியைக்கூட யாரும் கூப்பிட்டதில்லை. வயிறு எரிந்தது. சொல்வதற்கு என்ன வெட்கம், இப்பவும் எரிகிறது.

அவரிடம் அப்படி என்ன இருந்தது என்று நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். அழகா? சுமார். கைவேலை? என் தையலுக்குக் கிட்டவும் வராது. ஒன்றே ஒன்றுதான். அவர் யாரிடமும் கேள்வி கேட்கமாட்டார். "சாப்பிட்டியா?" என்றுகூடக் கேட்கமாட்டார். "புட்டுக் கிடக்கு, இரு கா" என்று மட்டக்களப்பு வழக்கில் 'கா' போட்டுச் சொல்வார், அவ்வளவுதான். வந்தவர் உட்காருவார். இவர் பாட்டுக்கு நண்டை உடைத்துக்கொண்டிருப்பார். ஏன் முகம் வாடிக் கிடக்கு, எங்கே போய் வருகிறாய், கையில் என்ன காயம், ஒன்றும் கிடையாது. கொஞ்ச நேரம் அப்படியே போகும். பிறகு வந்தவரால் பொறுக்க முடியாது. தன்பாட்டில் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார். மீன்காரரின் மனைவி அங்கே இருந்து அழுததை நான் மதிலுக்கு இந்தப் பக்கம் உடுப்புக் காயப்போட்டபடி எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன்.

நான் கேட்கிறவள். கேட்காமல் ஒரு வீட்டை எப்படி நடத்துவது?

என் கணவருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, என்பது எனக்கு முன்னால் றோமன் அக்காவுக்குத் தெரிந்திருந்தது. ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு லவ் கேக் தட்டோடு சின்னக் கிண்ணம் ஒன்றையும் மதிலுக்கு மேலால் நீட்டினார்.

"இது அண்ணைக்கு. சீனி போடாமச் செஞ்சது."

"ஏன், அவருக்கென்ன?" என்றேன்.

றோமன் அக்கா என்னைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியும் எண்டு நெனச்சன் கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கணவரைப் பிடித்து உலுக்கினேன். கறிச் சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனவர் அங்கே இருந்து சொல்லியிருக்கிறார்.

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"நீ கேப்பாய்."

"என்னத்தைக் கேப்பன்?"

"எத்தின எண்டு கேப்பாய். எப்ப இருந்து எண்டு கேப்பாய். கள்ளமா என்ன திண்டனீங்க எண்டு கேப்பாய்."

"கேக்காம? ஆலாத்தி எடுக்கவா?"

அவர் சீனியில்லாத கேக்கைத் தின்றார். அன்றிரவு நான் அழுதேன். வருத்தம் அவருக்கு வந்ததற்காகப் பாதி, அது மதில் தாண்டிப் போய்விட்டு என்னிடம் வந்ததற்காகப் பாதி.

கணவர் போகட்டும். மகளை என்னால் விட முடியவில்லை. ஷாலினி எங்களுக்கு ஒரே பிள்ளை. சின்ன வயதிலேயே பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகப் பையை எங்கள் வீட்டில் எறிந்துவிட்டு அங்கே ஓடுவாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வரச் சொன்னால், "அன்டிட மணிக்கூட்டில இன்னும் ஆறாகல்ல அம்மா" என்பாள். றோமன் எண்களில் நாலை எப்படி எழுதுவதென்று நான் புத்தகத்தைக் காட்டிச் சொல்லிக் கொடுத்தால், அன்டியின் மணிக்கூட்டில் நாலு குச்சிதான் நிற்கிறது என்று அடம்பிடித்தாள். பிந்தி ஓடுகிற மணிக்கூடு சொன்னது அவளுக்கு வேதம், பெற்ற தாய் சொன்னது பொய். "போய் அவவிட்டயே இரு!" என்று கத்தினேன். அவள் சந்தோசமாகப் போனாள்.

அவள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகக் கெம்பஸ் முடித்துக் கொழும்பில் வேலை கிடைத்துப் போனபோது, சரி, இனி மதில் கிடையாது, றோமன் அக்காவுக்கும் எனக்கும் ஒரே தூரம் என்று உள்ளுக்குள் ஆறுதல்பட்டேன். அந்த ஆறுதலுக்குப் போன் வந்து உலை வைத்தது. நான் தமிழ் விசைப்பலகையில் ஒரு பிழை இல்லாமல் அடித்து அனுப்புவேன். சாப்பாடு என்ன, அறைக்கு எத்தனை மணிக்கு வந்தாய், கூட இருக்கிற பிள்ளைகள் எந்த ஊர், எல்லாம் ஒழுங்காகக் கேட்டிருப்பேன். பதிலுக்கு ஒரு 'ம்' வரும். நல்ல நாளென்றால் ஒரு கட்டைவிரல்.

மதிலுக்கு அந்தப் பக்கம் றோமன் அக்காவின் போன் ணிங், ணிங் என்று அடித்துக்கொண்டே இருக்கும். அவர் தமிழை றோமன் எழுத்தில்தான் அடிப்பார். ஆஸ்திரேலியாவில் இருக்கும் அவருடைய மகன் பழக்கிவிட்டது. என் மகளும் அவரோடு அப்படித்தான். இருந்தாற்போல அவர் தனியே சிரிப்பது கேட்கும். என் பிள்ளை அனுப்பியதைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று எனக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்கத் தமிழ் அடித்துச் சம்பளம் வாங்கியவளுக்கு ஒரு 'ம்', இங்கிலீசு எழுத்தில் தமிழைக் கடித்துத் துப்புகிறவருக்குப் பக்கம் பக்கமாகக் கதை. எப்படி இருக்கும் எனக்கு? ஒருநாள் நானும் றோமன் எழுத்தில் அடித்துப் பார்த்தேன். "அம்மா, போனை ஆரும் களவெடுத்திட்டாங்களா?" என்று அவள் பயந்துபோய்ப் போனில் கோல் எடுத்தாள்.

பிறகு அந்த நத்தார். மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. கொழும்பு பஸ்ஸில் ஒரு பார்சல் போட்டுவிடலாம் என்று நான் முறுக்கும் கொக்கிஸ் பலகாரமும் கட்டிக்கொண்டிருந்தேன். றோமன் அக்கா கேக் நிரப்பிய இரண்டு தகரப் பேணிகளோடு வந்தார்.

"ஒண்டு ஷாலுக்கு. மற்றது அந்தத் தம்பிக்கு. அதுக்குக் கஜு கூடப் போட்டிருக்கன்."

"எந்தத் தம்பிக்கு?"

பேணி மூடியை அமர்த்திய கை அப்படியே நின்றது. அந்த முகத்தை நான் முன்னமே பார்த்திருக்கிறேன், சீனி போடாத கேக் வந்த அன்றைக்கு.

"உங்களுக்குத் தெரியும் எண்டு நெனச்சன் கா."

"ஆரு சொன்ன எனக்குத் தெரியும் எண்டு? ஒரு வார்த்தை என்னட்டக் கேட்டிருக்கலாமே!"

கேட்பது என்ற ஒன்று இருப்பதே அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்ததுபோல நின்றார்.

"பொடியன் எந்த ஊர்?"

"தெரியா கா."

"என்ன வேலை?"

"அவள் சொல்லல்ல."

"றோமனா?"

"நான் கேக்கல்லயே."

"ஒரு வருசமாக் கதைச்சிருக்கிறீங்க. பின்ன என்னதான் தெரியும் உங்களுக்கு?"

றோமன் அக்கா யோசித்தார். "சிரிக்கக்குள்ள கையால வாயைப் பொத்துவாராம். மறுகா, மழை பெஞ்சா தன்ட கொடையைப் பையிக்குள்ள வச்சிக்கிட்டு ஷாலுட கொடைக்குள்ளதான் வருவாராம்."

ஊரும் பேரும் தெரிந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். குடையும் சிரிப்பும் அல்லவா போய்ச் சேர்ந்திருக்கிறது! அதெல்லாம் ஒரு பிள்ளை தாயிடம் சொல்ல வேண்டியவை இல்லையா?

"என்ட பிள்ளைய றோமனாக்கத்தான் இவ்வளவு காலமும் பேணி பேணியாக் குடுத்தீங்களா?" என்று கத்தினேன். ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். அவர் பேணிகளை மேசையில் வைத்துவிட்டு மெதுவாகப் போனார். ஒன்றை மகளுக்கு அனுப்பினேன். கஜு கூடப் போட்ட மற்றதை அலுமாரிக்கு மேலே தூக்கி வைத்தேன். எறும்பு தின்றது. நல்லா வேணும் என்று விட்டுவிட்டேன்.

மகளுக்குக் கோல் எடுத்து என் கேள்விகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டேன். "ஒண்டுமில்ல அம்மா" என்றாள். அதோடு கதவு சாத்திக்கொண்டது. பிறகு வந்த மாதங்களில் 'ம்' கூடக் குறைந்தது. எனக்கு அப்போது வேண்டியிருந்தது ஒன்றுதான். பொடியன் யாராகவும் இருக்கட்டும், அவள் தன் வாயால் அதை என்னிடம் சொல்ல வேண்டும். மதிலுக்கு மேலால் வரக் கூடாது.

றோமன் அக்காவோடு நான் கதையை நிறுத்தினேன். அவர் ஒன்றையும் நிறுத்தவில்லை. நண்டுக் கறி வழக்கம்போல மதில் தாண்டி வந்தது, என் கணவர் வழக்கம்போல இரண்டு கையாலும் வாங்கினார். ஏன் முகத்தைத் திருப்புகிறாய் என்று றோமன் அக்கா என்னிடம் ஒரு தரம், ஒரே ஒரு தரம் கேட்டிருந்தால் சண்டை முடிந்திருக்கும். அதையும் கேட்கவில்லை, அந்த மனுசி.

ஒரு விடியற்காலை நெஞ்சு நோகுதென்று சொன்ன றோமன் அக்காவை முச்சக்கரவண்டியில் ஏற்றினோம். என் மடியில்தான் தலை வைத்திருந்தார். பாலம் தாண்டுவதற்குள் போய்விட்டார்.

மகன் ஆஸ்திரேலியாவிலிருந்து வரும்வரை உடலை வைத்திருந்தோம். என் மகள் கொழும்பு பஸ்ஸில் வந்து இறங்கினாள். நான் எங்கள் படலையில் நின்றேன். "அம்மா" என்று ஒரு சொல், அவ்வளவுதான், என்னைக் கடந்து அடுத்த படலைக்குள் ஓடினாள். பெட்டியைக் கட்டிப் பிடித்து அவள் அழுத அழுகையை இந்த ஒழுங்கை இன்னும் கதைக்கிறது. நான் கதவோரம் நின்று பார்த்தேன். எனக்கும் கண்ணீர் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கூடவே இன்னொன்றும் வந்தது. நான் செத்தால் இவள் இப்படி அழுவாளா? செத்த வீட்டில் நின்று பெட்டிக்குள் கிடந்த ஆளைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும்.

பின்னேரம் தேத்தண்ணி கொடுக்கும்போது மகன் தாயைப் பற்றி ஒரு கதை சொன்னார். முன்னொரு நாள் தேங்காய் களவெடுக்க ஒருவன் மரத்தில் ஏறியிருக்கிறான். இறங்கி வந்தால் கீழே றோமன் அக்கா. ஆரடா நீ, என்னடா செய்கிறாய், ஒன்றும் கேட்கவில்லையாம். "கதிரை கிடக்கு, இரு" என்று தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாராம். அவன் பிறந்ததிலிருந்து உள்ள கதையை எல்லாம் சொல்லி அழுதுவிட்டு, பிடுங்கிய தேங்காயையும் வைத்துவிட்டுப் போனானாம். "ஆள்ட பேர் என்ன எண்டு அம்மாட்டக் கேட்டன். நான் கேக்கல்லயே எண்டா!"

அழுத சனமெல்லாம் சிரித்தது. மூலைக் கதிரையில் இருந்த ஒரு பொடியனும் சிரித்தான். மகனின் கூட்டாளி யாரோ என்று நான் நினைத்திருந்தவன். சிரிக்கும்போது அவனுடைய வலது கை தானாக எழும்பி வாயைப் பொத்தியது.

மகளைப் பார்த்தேன். அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு நான் அடக்கப் பூசையைக் கவனித்தேனா, அவனைக் கவனித்தேனா? கோயிலில் அவனுக்கு எப்போது எழும்புவது, எப்போது முழந்தாளில் நிற்பது என்று ஒன்றும் தெரியவில்லை. முன்னால் நிற்பவரைப் பார்த்துப் பார்த்துப் பிந்திப் பிந்திச் செய்தான். றோமன் நேரம். சவக்காலைக்கு, கல்லறைத் தோட்டத்துக்கு, நடக்கும்போது மழை தூறியது. அவன் என் மகளின் குடைக்குள் வந்தான். தோளில் தொங்கிய பைக்குள்ளிருந்து அவனுடைய குடையின் பிடி எட்டிப் பார்த்தது. றோமன் சவக்காலை வாசலில் எல்லோரும் செருப்போடு உள்ளே போக, அவன் மட்டும் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பிள்ளையார் கோயிலுக்குள் போவதுபோல வெறுங்காலோடு சேற்றில் நடந்தான். குழிக்கு முன்னால் நின்று தலைக்கு மேலே கையெடுத்துக் கும்பிட்டான். றோமனும் இல்லை, மெதடிஸ்தும் இல்லை. என் கத்தல் அத்தனையும் வீண்.

அடுத்த நாள் காலையில் அவன் போய்விட்டான், மகள் நின்றாள். நான் சந்தைக்குப் போய் நண்டு வாங்கி வந்தேன். குசினிக்குப் பின்னால், ஆற்றுப் பக்கமாகப் பலகைக்கட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் வந்து பக்கத்தில் குந்தினாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. "புட்டுக் கிடக்கு, இரு" என்றேன். நண்டுக் காலை உடைத்தேன். நாக்கைப் பல்லால் பிடித்துக்கொண்டிருந்தேன் என்றே சொல்ல வேண்டும். ஆற்றில் ஒரு தோணி போனது. மதிலில் றோமன் பூனை எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

மகள் என்னைக் கனநேரம் பார்த்தாள்.

"அம்மா, என்ன இது?"

"என்னது?"

"ஒண்டும் கேக்கிறீங்க இல்ல. அன்டி மாதிரி இரிக்கப் பாக்கிறீங்க."

நண்டு ஓடு விரலில் குத்தியது.

"அவ கேக்காம இருந்தா எனக்கு நல்லாயிரிக்கும்" என்றாள். அவளுடைய குரல் உடைந்தது. "நீங்க கேக்காம இருந்தா பயமாக் கிடக்கு. என்னை விட்டுட்டீங்க எண்டு கிடக்கு. கேளுங்களன் அம்மா."

எத்தனை மாதமாகச் சேர்த்து வைத்திருந்த கேள்விகள்! ஊர், வேலை, தாய் தகப்பன், எல்லாம் வரிசையில் முண்டியடித்தன. நான் வேறொன்றைத்தான் கேட்டேன்.

"அந்தப் பொடியன் ஏன் சிரிக்கக்குள்ள வாயைப் பொத்துறான்?"

மகளின் கண் அகன்றது. பிறகு அழுகையும் சிரிப்புமாக முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"முதல் கேள்வி றோமனா எண்டுதான் வரும் எண்டு நாங்க ரெண்டு பேரும் பந்தயம் பிடிச்சம்" என்றாள்.

"அது எனக்குத் தெரியும். சப்பாத்தைக் கழட்டினவன்தானே."

"சின்னனில சைக்கிளால விழுந்து முன்பல்லு உடைஞ்சது அம்மா. பொய்ப்பல்லுக் கட்டின பிறகும் அந்தப் பழக்கம் போகல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். கதை இனித்தான் வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் சட்டென்று நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தாள்.

"வாயைப் பொத்துறது உங்களுக்கு எப்பிடித் தெரியும்? அன்டி சொன்னாவா?"

மதிலுக்கு அந்தப் பக்கம் பலகைக்கட்டை வெறுமையாகக் கிடந்தது.

"இல்ல" என்றேன். "நானேதான் கண்டன்."